ஒரு முகவரிக்கு ஓர் இணைப்பு

கவிதாவின் படிப்பைக் கெடுத்தவள் நான். ஆம், நானேதான்! விதியுமல்ல, மழையுமல்ல.

உங்கள் வீட்டுக்கு இலக்கம் உண்டு, தெருப்பெயர் உண்டு. டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவராக வரிசையில் நிற்கும் எங்கள் லயத்து வீடுகளில் எதற்கும் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கே வரும். ஏழைக் குடும்பங்களுக்கு மலிவாக வீட்டு இணையம் தருகிறோம் என்று வந்தார்களே, அந்தப் புண்ணியவான்கள்... ஒரு முகவரிக்கு ஓர் இணைப்புதான் என்றார்கள். லயம் முழுவதற்கும் ஒரே முகவரி! தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் ஒரு கதவிலக்கம் இல்லாத சனத்துக்கு இது என்ன சலுகை?

என் வீடு லயத்துக்கு நடுவில். "ஒங்க வீட்டுலயே மாட்டிக்குங்க. பாஸ்வேர்ட மட்டும் எல்லாப் புள்ளைகளுக்கும் சொல்லிருங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா. சொன்னேன். அவர் மகள் கவிதாவும் என் மகன் ரமேசும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். நடுவில் ஒரு சுவர்தான்.

மாதிரிப் பரீட்சையில் அவள் முந்தினாள். பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்கு இத்தனை பேர்தானே... அவள் போனால் இவனுக்கு இடமில்லாமல் போகுமோ? பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

"அத்த, கனெக்ட் ஆகலங்க..." வாசலில் வந்து நின்றாள். தொழிலாளர் குழந்தைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் என் மடியில் வளர்ந்த பிள்ளை!

"என்னமோ கோளாறு, புள்ள" என்றேன். மற்றப் பிள்ளைகளுக்கும் அதே பொய். நாக்கு கூசவில்லையே!

அதன் பிறகு அவள் மழையில் மேட்டுப் பாறைக்கு ஏறி சிக்னல் தேடினாள். போனில் நடக்கும் ஆன்லைன் வகுப்பு பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. பரீட்சையில் தேறவில்லை. இப்போது கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலை. ரமேசு பல்கலைக்கழகத்தில்.

அந்தச் சட்டம் போட்டவர்களை இன்றும் திட்டுகிறேன். நாசமாய்ப் போகட்டும்! ஆனால் அவர்கள் லயத்துக்கு ஒன்றாவது தந்தார்கள். அதை ஒரு வீட்டுக்கு என்று சுருக்கியது யார்? திட்டுகிற இந்த வாய்க்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போன தீபாவளிக்குக் கவிதா வந்திருந்தாள். பலகாரத் தட்டோடு என் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ரமேசு போனுக்கு டேட்டா போட்டுட்டேன் அத்த. ஒங்க வீட்டு வைபைதான் அடிக்கடி கோளாறாகுமே. லீவுக்கு வந்தா அவனாச்சும் தடையில்லாம படிக்கட்டும்."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்...

"சாப்ட்டுட்டுப் போ, புள்ள" என்றேன். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.