கட்டில் மேல் வைத்த பாட்டில்

மூணாங்கிளாஸ் தாண்டாதவன் நான். ஆனாலும் கும்மிடிப்பூண்டிக்குப் புதிதாக வந்த கம்பெனிகளுக்குப் பைப் போட்டே மணவாள நகரில் மாடி வீடு கட்டினேன்.

கிரகப்பிரவேசத்தன்று என் மனைவி முனியம்மா முன்னறையில் படுத்திருந்தாள். முதுகில் அடிபட்டு, சிறுநீருக்கு ரப்பர் குழாய் போட்டு ஆறு மாதம். அந்தச் சிறுநீர் இறங்கும் பாட்டில் கட்டிலுக்குக் கீழே இருந்தது. பெரிய மனிதர்கள் வரும் நாளில் அது கண்ணில் படலாமா? தூக்கி அவள் பக்கத்தில் வைத்துப் போர்வையால் மூடினேன்.

"இன்னாய்யா பண்றே? நர்சம்மா கீழதான் வைக்கணும்னுச்சே."

"பைப்பைப் பத்தி எனக்கே பாடமா? கம்முனு கெட."

"ஆமா, ஊருக்கே தண்ணி உட்ட மவராசன் நீ" என்று சிரித்தாள்.

சாயங்காலம் வரை பாட்டில் மேலேயே இருந்தது. மறுநாள் குளிர் காய்ச்சல். பாட்டிலில் இருந்தது திரும்ப உள்ளே போய்க் கிருமி ஏறிவிட்டது என்றார் டாக்டர். எட்டாம் நாள் போய்விட்டாள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பதை வைத்துச் சோறு தின்றவன் நான்.

சிறுநீருக்குக் குழாய் போட்ட நோயாளி இருக்கும் வீடு என்று தெரிந்தால் இப்போது நானே போகிறேன். பாட்டில் இடுப்புக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறேன். தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்கிறேன். நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசாதீர்கள். முனியம்மா ஒரு நாளும் கூசவில்லை. கூசியது நான்தான்.