எட்டுப் பாட்டும் ஒரு தாழ்ப்பாளும்

ஒருவர் தன் பாட்டில் விடைபெறுகிறார் என்று தோன்றினால், அதைக் கேட்டவர் என்ன செய்ய வேண்டும்? போன மழைக்காலத்திலிருந்து எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

பெங்களூரில், அடுகோடியில் எங்கள் வீடு. நான், கணவர், இரண்டரை வயது மகள், மாமனார். மாமனாருக்கு எழுபத்திரண்டு. வாலிபத்தில் கண்டோன்மென்ட் பக்கத்து நண்பர்கள் மூவரோடு ராக் இசைக்குழு வைத்திருந்தவர். இப்போது அந்த நால்வரில் மிச்சம் அவர் மட்டும்தான். போன வருடம் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, சொந்தமாக எழுதிய எட்டு ஆங்கிலப் பாட்டுகளை கிடாரோடு பாடிப் பதிவு செய்தார். இணையத்தில் ஏற்றித் தருவது என் வேலை. "எங்க பேண்டோட ஃபர்ஸ்ட் ஆல்பம்மா. நாப்பது வருஷம் லேட்டு. நீ மொதல்ல கேளு" என்று பென் டிரைவைக் கொடுத்தார்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும் கம்பெனி காரில் கேட்டேன். ஒரு பாட்டில், என் ஷூவை நீ போட்டுக்கொள் என்கிறார். இன்னொன்றில், விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். கடைசிப் பாட்டு முடிந்தும் பதிவு நிற்கவில்லை. கிடார் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் சத்தம். ஆறாவது கம்பிக்குப் பிறகு ஒன்றுமில்லை.

மூத்த ராக் பாடகர்கள் சிலர் முடிவு நெருங்குவது தெரிந்தே கடைசி ஆல்பத்தை வழியனுப்பும் கடிதம்போலச் செய்கிறார்கள் என்று அந்த வாரம்தான் ஒரு கட்டுரை படித்திருந்தேன். ஏதோ நோயை மறைக்கிறாரா, இல்லை, தானாகவே போய்விட நினைக்கிறாரா?

நேராக அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கணவரிடம்தான் சொன்னேன். அவர் தன் அக்காவிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நாத்தனார் குடும்பமும் பாஸ்டரும் எங்கள் ஹாலில் இருந்தார்கள். நாத்தனார் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, "டாடி, இந்த லைனுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டார்.

மாமனார் முதலில் சிரித்தார். "இந்த வயசுல வேற எதைப் பத்திடி பாடறது? பைக்ல பொண்ணுங்க பின்னாடி சுத்தறதப் பத்தியா?"

நாத்தனார் அடுத்த பாட்டைப் போட்டார். ஷூ பாட்டு வந்தபோது, "அது எங்க டிரம்மர் ஷூ. அவன் போனப்புறம் அவன் பொண்ணு குடுத்துச்சு. எனக்கு சைஸ் சேரல" என்றார்.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப்போனோம். பெரிதாக ஒன்றுமில்லை, இருந்தாலும் கவனமாக இருங்கள் என்றார். அந்த 'இருந்தாலும்' எனக்குப் போதுமானதாக இருந்தது. மாமனாரின் மாத்திரைகளை என் அலமாரிக்கு மாற்றினேன். அவர் அறையின் உள்தாழ்ப்பாளை நானே கழற்றினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது ஸ்க்ரூ அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பும்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பென் டிரைவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கிடார் பீரோ மேல் ஏறியது. கதவு இப்போது தொட்டாலே திறக்கிறது. என் மகள் உள்ளே ஓடி "தாத்தா, பாட்டு" என்பாள். அவர் டிவியைப் போட்டுவிடுவார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கம்பிச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். "கொஞ்ச நாள் வாசிக்க மாட்டோம்னா லூஸ் பண்ணி வெக்கணும்மா. இல்லேன்னா கிடாரோட கழுத்து வளைஞ்சிரும்" என்றார்.

"எவ்ளோ நாள் மாமா?"

அவர் பேப்பரைப் புரட்டினார்.

அவர் உயிரோடு இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார், பேத்தியை பார்க்குக்கு அழைத்துப்போகிறார். அதற்கு நன்றி சொல்லி ஜெபிக்கக் கண்ணை மூடினால் எனக்கு அந்த ஆறு கம்பிகள்தான் கேட்கின்றன. நான் காப்பாற்றினேனா என்று தெரியாது. அந்த எட்டுப் பாட்டுகளை யாரும் கேட்காதபடி செய்தது நான்தான்.

தாழ்ப்பாளும் நான்கு ஸ்க்ரூவும் சமையலறை டிராயரில் இருக்கின்றன. மாட்டிவிடத்தான் ஆசை. மாட்டிய பிறகு அவர் கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டுக்கொண்டால், வெளியே நின்று நான் எப்படிச் சும்மா இருப்பது? வயதானவர்களோடு வாழும் வாசகர்கள் யாராவது சொல்லுங்கள்.