மாடியில் பச்சைத் துண்டு தெரிந்தால் பைய நடக்கவும்

போன ஞாயிற்றுக்கிழமை முக்கூடலில் இருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கியவள் நேரே வீட்டுக்குள் வரவில்லை. தெருவை அந்தக் கடைசி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மதினி... தெருவுல யாரும் தவறிட்டாவளா?"

"ஏன் கேக்க?"

"இல்ல, காய்கறி வண்டிக்காரரு மைக்கை அணைச்சுட்டு உருட்டிட்டுப் போறாரு. எதிர்வீட்டு சார் பைக்கை ஸ்டார்ட் பண்ணாம முக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போறாவ. பக்கத்து வீட்டு வராந்தாவுல நாலு பேரு கேரம் ஆடுதாவ, ஒரு சத்தத்தையும் காணும். அதான் பயந்துட்டேன்."

நான் மாடியைக் காட்டினேன். அங்கே கயிற்றில் ஒரு பச்சைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன் தூங்குதாவ" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணன் தூங்கினால் ஊர் ஏன் வாயை மூட வேண்டும்? நியாயமான கேள்விதானே? அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி ஆறும் வரைக்கும் கதை சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் ராத்திரி பஸ் டிரைவர் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலி – சென்னை. ஒரு ராத்திரி போவார், மறு ராத்திரி திரும்புவார். காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். மத்தியானம் வரைக்கும் தூக்கம். சாயங்காலம் ஆறரை மணிக்கு மறுபடியும் பையைத் தூக்கிவிடுவார்.

ஊர் பல் தேய்க்கிற நேரத்தில் பாய் விரிக்கிற பிழைப்பு இது. அவர் படுத்துவிட்டால் நான் மிக்ஸி போட மாட்டேன். டிவி கிடையாது. சாமி பாட்டைக்கூட மனசுக்குள்தான் பாடுவேன். வீட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம். சுவருக்கு அந்தப் பக்கத்தை என்ன செய்வது?

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்பவை. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். போன வருஷம் பக்கத்து வீட்டுக்குச் சூசை அண்ணாச்சி குடும்பம் குடிவந்தது. உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். மகளை இங்கே காலேஜில் சேர்த்திருக்கிறார்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணாச்சி மீன்பிடி போட்டைத் தம்பிமார் கையில் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்.

தங்கமான மனிதர். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே... ஆயுசெல்லாம் போட் இஞ்சின் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய குரல். அவர் தன் மனைவியிடம் "உப்பு எங்க?" என்று கேட்டால், இங்கே அடுப்படியில் என் கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும்.

காலையில் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்தவுடன் தம்பிமாரோடு போன். "ஏலே, காத்து எப்படி இருக்குலே? நேத்து மீன்பாடு எப்படி?" என்று ஆரம்பித்து, மீன் விலை, டீசல் விலை எல்லாம் தெருவுக்கே தெரிந்துவிடும். பத்து மணிக்கு மேல் கேரம். சர்ச்சில் பழக்கமான மூன்று பேர் வருவார்கள். வராந்தாவில், எங்கள் சுவரை ஒட்டித்தான் போர்டு. அண்ணாச்சி ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் எங்கள் சுவரில் மாட்டியிருக்கிற காந்திமதி அம்மன் படம் லேசாக அதிரும். காய் விழுந்தால் நாலு பேரும் சிரிப்பார்கள். விழாவிட்டால் மூன்று பேர் சிரிப்பார்கள்.

இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தலையணையைத் தலைக்கு அடியில் வைப்பதா, மேலே வைப்பதா என்று புரண்டுகொண்டிருப்பார்.

சரி, போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேனே!

ஒரு புதன்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அண்ணாச்சியின் மனைவி செல்வமேரி அக்கா வாசலுக்கு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மைனி. இப்பத்தான் உங்கள நெனச்சேன். இன்னைக்குப் புதன்தான? நீங்க கவுச்சி சாப்பிடுவியல்லா?"

ஊரில் இருந்து வந்த சீலா மீன். மஞ்சளாகக் குழம்பு, தேங்காய் அரைத்துவிட்டது. ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தார். தூக்குவாளியைக் கையில் வாங்கிக்கொண்டு "உங்க வீட்டுக்காரர் ரொம்பச் சத்தம் போடுதாரு" என்று எந்த வாயால் சொல்வது? மகள் படிப்பைப் பற்றி ரெண்டு வார்த்தை விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

குழம்பு பிரமாதம். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

அடுத்த வாரம் அவரே போனார். தூக்கம் கெட்ட கண், அவிழ்ந்த லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். சண்டை பெரிதாகிவிடக் கூடாதே என்று நான் முருகனைக் கும்பிட்டபடி கதவுக்குப் பின்னால் நின்றேன். சத்தத்தையே காணோம். கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரைக்கர் சத்தம். அதன் பிறகு ஒரு சிரிப்பு... எனக்குத் தெரிந்த சிரிப்பு.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"என்ன சொன்னிய?"

"இன்னைக்கு ஒரு ஆளு வரலையாம். மூணு பேரா வச்சுக்கிட்டு என்ன செய்யதுன்னு முழிச்சிட்டு இருந்தாரு. பாவமா இருந்துச்சு."

"அதுக்கு?"

"ரெட்டு நான்தான் போட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதெல்லாம் சிரித்துக் கழிக்கிற விஷயம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை. வண்டியை விட்டுவிட்டு வந்தவர் குளிக்கப் போகவில்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். என்ன என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"சாத்தூர் தாண்டி வரும்போது கண்ணு போயிட்டு. ஒரு செக்கண்டுதான். ரோட்டோர வெள்ளைக் கோட்டுல டயர் ஏறின சத்தத்துல முழிச்சேன்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

"பின்னால முப்பத்தாறு பேரு தூங்குதாவ. நான் முழிச்சிருக்கேன்னு நம்பித்தான தூங்குதாவ?"

நேரே போய் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது? அவர் கண்ணைக் காப்பாற்று என்றா? அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறதே! அதைச் செய்யாமல் அம்மனிடம் கையேந்தினால் அவள் என்ன நினைப்பாள்? "தாயே, வாயைக் கொடு" என்று மட்டும் கேட்டுக்கொண்டு, ஈரக் கையோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். செல்வமேரி அக்கா தூக்குவாளியை எடுப்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாத்தூர், வெள்ளைக் கோடு, முப்பத்தாறு பேர்... எல்லாம்.

சூசை அண்ணாச்சி மூச்சு விடவில்லை. அந்த மனிதர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"இத ஏன் தங்கச்சி முன்னமே சொல்லல?" என்றார். அவருக்கு அது மெல்லிய குரல். "தம்பி வந்து கேரம்லா ஆடிட்டுப் போனான்? பகல்ல தூங்குவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவுக வெக்கப்பட்டுட்டாவ அண்ணாச்சி."

"நல்ல வெக்கம். சரி, என்னைக்கு என்னைக்கு வீட்டுல இருப்பான்?"

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றேன். நடுவில் லீவு வந்தால் மாறும், ஸ்பெஷல் வண்டி போட்டால் மாறும் என்றேன். அவருக்குத் தலை சுற்றியது.

"இதெல்லாம் எனக்கு மண்டையில நிக்காது. நீ ஒண்ணு செய்யி. கடல்ல நாங்க தூரத்துல நிக்குத போட்டுக்கு ஒண்ணு சொல்லணும்னா கத்துனா கேக்காது. ஒரு கம்புல சட்டையைக் கட்டித் தூக்குவோம். பாத்தவன் புரிஞ்சுக்கிடுவான். தம்பி படுத்தான்னா மாடியில ஒரு துணியப் போடு. எந்திரிச்சா எடுத்துரு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

எந்தத் துணியைப் போடுவது? திருச்செந்தூருக்கு நடந்து போனபோது அவர் கட்டியிருந்த பச்சைத் துண்டு பீரோவில் இருந்தது. சாமித் துண்டைக் கொடியாக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. முருகனே காவலுக்கு நிற்கட்டுமே என்று மறுநாளுக்கு மறுநாள் மாடியில் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? போன் இல்லை, கேரம் இல்லை. வீடு குளிர்ந்து கிடந்தது. அவர் படுத்த கையோடு குறட்டை விட ஆரம்பித்தார். நான் கண்ணை மூடி அம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது தெருவில் "தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய்..." என்று மைக் கட்டிய வண்டி வந்தது. வந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு வராந்தாவில் இருந்து ஒரு குரல் புறப்பட்டது.

"ஏ காய்காரரே... மைக்க நிறுத்தும் வே! மாடியில கொடி நிக்கது தெரியலையா? உள்ள ஆளு தூங்குதான் வே!"

என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து எழுந்து, ஒன்றும் புரியாமல் வாசலுக்கே வந்துவிட்டார்.

"யாரு அண்ணாச்சி தூங்குதா?"

"நீதான் தம்பி. போய்ப் படு."

உள்ளே இருந்து செல்வமேரி அக்காவின் குரல் வந்தது. "கடல்ல கத்தாம சட்டையத் தூக்கிக் காட்டுவேன்னு பெருமையாச் சொன்னீய. ரோட்டுக்கு வந்ததும் கை எங்க போச்சு?"

அதில் இருந்து அண்ணாச்சி கையைத்தான் பேசவிடுகிறார். வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வண்டி எதுவும் வந்தால் எழுந்து நின்று மாடியைக் காட்டுவார், கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்ப்பார். காய்காரர் சிரித்துக்கொண்டே மைக்கை அணைத்துவிடுவார். சிலிண்டர்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டார். கேரம் போர்டு எங்கள் சுவரை விட்டு அந்தக் கடைசிக்குப் போய், அதற்கு அடியில் ரெண்டு சாக்கு வந்துவிட்டது.

நடுவில் என் மறதியால் ஒரு கூத்து. ஒரு நாள் துண்டை எடுக்க மறந்துவிட்டேன். அவர் சென்னைக்குப் போயாயிற்று. மறுநாள் நான் கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வருகிறேன், வராந்தாவில் நாலு பேரும் ஊமைப்படம் மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சி மாடியைக் காட்டி, தம்பி இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று சைகையில் கேட்டார்.

"அய்யய்யோ, அவுக ஊர்லயே இல்லையே அண்ணாச்சி."

நாலு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"காலையில இருந்து வாயத் தொறக்காம ஆடி எல்லா போர்டும் தோத்துட்டேன் தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. "வாயத் தொறக்காம எனக்குக் குறி வராது."

அவரை இன்னும் ஒரு மணி நேரம் ஆசை தீரக் கத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம்மில் பல பேர் வீட்டில் இந்தக் கதை நடக்கிறது. பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்கிறோம். அதற்குப் பொறுமை என்று பெயர் வேறு வைத்துக்கொள்கிறோம். உண்மையில் பாதிப் பொறுமை வாயைத் திறக்கக் கூச்சம்தான். மீதிப் பாதி, அந்த மனிதர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நாமாக முடிவு கட்டுவது. அவருக்குத் தெரிந்தால்தானே அவர் மாறுவார்? நான் பத்தாம் கிளாஸோடு நின்றவள். பெரிய தத்துவம் எல்லாம் தெரியாது. மீன் குழம்பை வாங்கிக்கொண்டு சும்மா வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் சாத்தூர் நடந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

இப்போது அவர் நன்றாகத் தூங்குகிறார். எழுந்திருக்கும்போது முகத்தில் ஒரு தெளிச்சி. ஆறரை மணிக்குத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பும்போது எனக்கு முன்னைப் போல நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை... என்று எழுதினால் அது பொய். அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ராத்திரி ரோட்டில் போகிற ஆளுக்காக வீட்டில் இருக்கிறவளுக்கு அது அடங்கவே அடங்காது போலிருக்கிறது.

முந்தாநாள் அவர் கிளம்பிப் போன பிறகு விளக்கேற்றிவிட்டு, வழக்கம்போல மிக்ஸியில் சட்னிக்குப் போட்டேன். ஒரு சுற்றுச் சுற்றியதும் கரண்ட் போய்விட்டது. ஏழு மணி இருக்கும். மிக்ஸி நின்றதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபமாலை சொல்வது கேட்டது. தினமும் அந்த நேரத்தில்தான் சொல்வார்களாம். தினமும் அந்த நேரத்தில்தான் நான் மிக்ஸி போடுகிறேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கடைசியில் சூசை அண்ணாச்சி தனியாக ஒரு வேண்டுதல் சொன்னார்.

"தாயே, பக்கத்து வீட்டு இசக்கிமுத்துத் தம்பி இப்ப வண்டி எடுக்கப் போயிருக்கான். மாடியில துண்டு இல்ல. அவன் கண்ணு அசராம, பின்னால தூங்குத சனங்க எல்லாம் காலையில நல்லபடியா எறங்கணும். கூடவே இரும் தாயே."

"ஆமென்" என்றார்கள் செல்வமேரி அக்காவும் மகளும்.

கரண்ட் வந்த பிறகும் நான் மிக்ஸி பக்கம் போகவில்லை. கை கூப்பியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நான் காந்திமதி அம்மனிடம் கேட்பதை அவர் மாதாவிடம் கேட்கிறார். அவ்வளவுதானே?

அந்தக் குரலுக்கு, தெருக்கோடியில் இருக்கிற பிள்ளையாருக்கும் சேர்த்தே கேட்டிருக்கும்.