வேனை நிறுத்தியவர்

அடுத்தவரைப் புகழ்ந்து எழுதிக்கொடுக்கிற வேலையில் ஒரே சௌகரியம், அதைக் கேட்டு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்பதுதான் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. அநீதி நடந்தது பிள்ளைப்பாக்கம் பவுனம்மா அக்காவுக்கு. அவர் செய்த காரியத்தைப் பட்டமளிப்பு விழா மேடையில் இன்னொருவர் செய்ததாக வாசித்தார்கள். அந்த இன்னொருவர் வேறு யாருமில்லை, அக்கா யாரை எதிர்த்து அதைச் செய்தாரோ அவரேதான்.

வரவேற்புரை, வாழ்த்து மடல், பொன்னாடை போர்த்துவதற்கு முந்திய நாலு வரி என்று யாருக்காவது எதையாவது எழுதிக்கொடுத்து மாட்டிக்கொண்டவர்களே, நீங்கள் என் இனம். நான் அப்போது தண்டலம் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியாக இருந்தது பல்கலைக்கழகம் ஆன கையோடு நிர்வாகத்துக்கு ஓர் ஆசை வந்தது. சுற்று வட்டாரத்தில் நல்லது செய்தவர்களைக் கூப்பிட்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க வேண்டுமாம். அவர்களைப் பற்றி மேடையில் வாசிக்கும் பாராட்டுரைகளை எழுத என்னைப் பிடித்துப் போட்டார்கள். என் தமிழ் நன்றாக இருந்ததால்தான் என்று நினைத்தேன். வகுப்பில் நான் வாதாடுவது கொஞ்ச நாளாவது குறையும் என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

எந்த டாக்டர்

விவரம் கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். நிலம் கம்பெனிக்குப் போனபின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒரகடத்தில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும் அந்தப் பெண்களைக் கம்பெனி வேன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஏரிக்கரை வழியாக இருட்டில் நடக்க வேண்டும். கேட்டுப் பார்த்தும் பலன் இல்லாமல், ஒருநாள் அக்கா வேனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். "இன்னா பண்ணேன், சேரைத் தூக்கினு போயி நட்ட நடு ரோட்டுல போட்டுக் குந்திகினேன். 'யக்கா, எந்திரி'ன்றான் டிரைவரு. நீ உள்ள வந்து வூட்டாண்ட எறக்கி வுடறேன்னு சொல்லு, எந்திரிக்கிறேன்னேன்." அதற்கப்புறம் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது. இதற்காகத்தான் பட்டம்.

இதற்கு மதிப்புறு முனைவர் என்று பெயர் என்றேன். அக்காவுக்குப் புரியவில்லை. டாக்டர் என்றேன். அது இன்னும் குழப்பிவிட்டது. அங்கே குடியிருந்த கோவில்பட்டிப் பெண் செல்வி, "ஊசி போடுத டாக்டரா, போடாத டாக்டரா?" என்று கேட்டாள். வைத்தியம் படித்தவர் ஒரு டாக்டர், ஆராய்ச்சி செய்தவர் ஒரு டாக்டர், இது மூன்றாவது வகை, இதற்குப் படிக்கவே வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "படிச்சாலும் டாக்டரு, படிக்காட்டியும் டாக்டரு. அப்போ நீ எதுக்கும்மா நடுவுல படிச்சினு கீற?"

மறித்தாரா, நிறுத்தினாரா

"பெண் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக வேனை மறித்தவர்" என்று எழுதிக்கொண்டுபோய்த் தமிழ்த்துறைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் 'மறித்தவர்' என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. மறித்தவர் என்றால் மறியல், மறியல் என்றால் போலீஸ், சிறப்பு விருந்தினராக வருகிறவரோ அரசாங்கத்தில் பெரிய ஆள் என்றார். நடந்தது மறியல்தானே என்றேன். நடந்ததையெல்லாம் எழுதினால் அது பாராட்டுரை ஆகாது என்றார். இதை எந்த இலக்கணத்தில் சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். அதற்குள் அவர் அடித்துவிட்டு 'நிறுத்தியவர்' என்று போட்டுவிட்டார். வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று 'வீட்டு வாசலில்' என்பதையும் சேர்த்தார்.

"பெண் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக வேனை வீட்டு வாசலில் நிறுத்தியவர்." படித்துப் பாருங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யாரோ பிரேக் போடுவது போல இல்லை? இதையேதான் நானும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவர் சொன்னார்: "தமிழ் தெரிந்தவனுக்கு ஊகிக்கவும் தெரியும்மா."

அங்கி போட்டுப் பார்த்த நாள்

ஒத்திகையன்று பட்டியலில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். ஜெகநாதன். பிள்ளைப்பாக்கத்துக்காரர்தான். கம்பெனிகளுக்கு வேன் விடும் காண்ட்ராக்டர். அக்கா சேர் போட்டு உட்கார்ந்தது இவருடைய வேனுக்கு முன்னால்தான். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் இவர் வண்டிதான் ஓடியது என்பதைத் தவிர, இவருக்கு எதற்குப் பட்டம் என்று எனக்குப் பிடிபடவில்லை. இருவரும் ஒரே மாதிரி கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அங்கிக்குள் முந்தானை எங்கே போவது என்று அக்கா அங்கலாய்த்தாலும், தொப்பியைக் கழற்ற மனம் வரவில்லை. "ஏம்பா ஜெகா, அன்னிக்கு என்னைப் போலீஸ்ல புடிச்சிக் குடுக்கறேன்னியே. இன்னிக்குப் பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே யூனிபாரம்" என்றார். ஜெகநாதன் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். மனிதர் கெட்டவர் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவருக்கும் பாராட்டுரை எழுத வேண்டும். ஊருக்கு என்ன நல்லது செய்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். தொப்பியின் குஞ்சத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: "சட்டுனு ஒண்ணும் ஞாபகம் வரலம்மா. நீயே நல்லதா ரெண்டு பார்த்துப் போட்டுக்க."

மேடையில் நடந்தது

நான் போட்டது 'தொழில் முனைவர், கடும் உழைப்பாளி' என்று ரெண்டே ரெண்டுதான். ஆனால் மேடையில் பதிவாளர் வாசித்தது இப்படி இருந்தது: "தொழில் முனைவர், கடும் உழைப்பாளி, பெண் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக வேனை வீட்டு வாசலில் நிறுத்தியவர் திரு. ஜெகநாதன்." பந்தல் முழுக்கக் கைதட்டல். ஜெகநாதன் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல. பிறகு கைதட்டலுக்குக் கும்பிடு போட்டார். அடுத்து அக்கா. காரியம் கைமாறிவிட்டதால், துறைத் தலைவர் தன் பங்குக்குச் சேர்த்திருந்த மீதி வரியை மட்டும் வாசித்தார்கள்: "அன்பும் அடக்கமும் நிறைந்த குடும்பத் தலைவி."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி, "அடக்கமா? எங்க பவுனக்காவையா சொல்லுதாவ?" என்று காதைக் கடித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்கா பட்டச் சுருளை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கும் சரியாக நின்றுவிட்டு, படியிறங்கி நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. குரலில் அது தெரியவில்லை. "இன்னா பொண்ணு, என் கதையத் தூக்கி அவங்கிட்ட குடுத்துட்ட?"

முன்னால் உட்கார்ந்தவர்

மறுநாள் பதிவாளர் அறைக்குப் போனேன். அவர் அமைதியாகக் கேட்டார். "வேன் யாருடையது?" ஜெகநாதனுடையது என்றேன். "அந்த அம்மாவிடம் வேன் இருக்கிறதா?" இல்லை என்றேன். "இல்லாத வேனை எப்படிம்மா வாசலில் நிறுத்துவார்? வரி இடம் மாறி வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, நானே எடுத்துச் சரியான ஆளுக்குப் போட்டேன். நியாயமாகப் பார்த்தால் நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும்." ஒரு நிமிடம் எனக்கே தலை சுற்றியது. அவர் சொல்வதில் தவறு எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அதுதான் தவறு.

"சார், அவர் வேனை ஓட்டி வந்து நிறுத்தவில்லை. முன்னால் உட்கார்ந்தார்." "முன்னால் என்றால், டிரைவர் பக்கத்திலா?" "இல்லை சார். ரோட்டில்." "வேன் ரோட்டில்தானே இருக்கும்?" இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் சேர், ஏரிக்கரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவர் முகம் சுண்டிவிட்டது. "அதை மறித்தார் என்று எழுத வேண்டியதுதானே?" என்றார். நான் தமிழ்த்துறைத் தலைவரின் பெயரைச் சொன்னேன். அவரோடு சண்டைக்குப் போக இவருக்குத் தெம்பில்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டபடி சொன்னார்: "விழா மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அந்தம்மா நேரில் வந்து கேட்டால் அதில் மாற்றிப் போடுகிறேன். உன்னோடு பேச என்னால் ஆகாது."

டாக்டர் வேன்

அக்காவைக் கையோடு கூட்டிவர ஓடினேன். அங்கே வேறு களேபரம். டீசல் விலை கட்டுப்படியாகவில்லை, திங்கட்கிழமையிலிருந்து வேன் மெயின் ரோட்டோடு சரி என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அறைப் பெண்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். "பழையபடி ஏரிக்கரையா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஊருக்குக் கூப்பிட்டுக்கிடுவா" என்றாள் செல்வி. ஊருக்குப் போனால் கல்யாணம், வேலைக்கு முழுக்கு. அக்கா என்னைப் பார்த்தார். "படிக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வோணும், வா" என்று என்னை இழுத்துக்கொண்டு ஜெகநாதன் ஆபீசுக்கு நடந்தார்.

பாராட்டுரைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார் ஜெகநாதன். எதிரில் வேன் ஒப்பந்தம் பேச வந்த கம்பெனி அதிகாரி ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா சட்டத்தைக் காட்டி, "சாருக்குக் கேக்கறாப்ல படி" என்றார். படித்தேன். கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். "ஏன் டாக்டரே, மெயின் ரோட்டுல யாரு வூட்டு வாசல் கீது?" அதிகாரி காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஜெகநாதனைப் பார்த்தார். ஜெகநாதன் சட்டத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து டிரைவரிடம் சொன்னார்: "டேய், எப்பவும் போல உள்ளயே போ. ஆமாண்டா, வாசல் வரைக்கும்தான்."

செய்தவருக்கு அடக்கமும், செய்யாதவருக்குப் புகழும், அந்தப் புகழைக் காப்பாற்ற அவர் போட வேண்டிய டீசலும் என்று முடிந்த இந்தப் பஞ்சாயத்தில் ஜெயித்தது யார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை; பதிவாளர் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார், இப்போதே வாங்கக்கா, உங்கள் பெயரிலேயே போடச் சொல்லலாம் என்று நான் மன்றாடியபோது அக்கா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "அவன் பேர்லயே கெடக்கட்டும் வுடு பொண்ணு. என் பேருக்கு மாத்திட்டா, நாளைக்கு வேனு யாரு வுடுவா, நானா?"