அண்ணன் கண்ணில் காணாமல் போன பாவை

எங்கள் அண்ணி கண்ணை மூடிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள். சரி, அது கொஞ்சம் அதிகம்தான். ஒரு கண்ணை மட்டும் மூடுவாள். தையல்காரிக்கு அதுவே பெருமைதானே? தைரியம்தான் ஊசிமுனை அளவுகூடக் கிடையாது. காற்றில் கதவு அடித்தாலே மிஷினை விட்டு எழுந்து நின்றுவிடுவாள்.

கண்ணின் நடுவே இருக்கும் கருப்புக்குப் பாவை என்று பெயர். பாவை என்றால் பொம்மை. எதிரில் இருப்பவர் கண்ணை நெருங்கிப் பார்த்தால், அந்தக் கருப்பில் நம் உருவமே அரிசி அளவுப் பொம்மையாக நிற்கும். பெயர் அங்கிருந்து வந்தது. இதை அண்ணிக்குச் சொன்ன அவள் அம்மா, கூடவே ஒரு வெடியையும் வைத்துவிட்டாள்: எவன் கண்ணில் பாவை தெரியவில்லையோ அவன் பிழைக்கமாட்டான். கல்யாணமான நாளிலிருந்து, அண்ணன் வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி, முகவாயைப் பிடித்து, கண்ணுக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்புவாள்.

"என்ன, உள்ள இருக்கியா?" என்பான் அண்ணன்.

ஒருநாள் அவசர வேலை. கண்ணாடி மாட்டாமல் ஓர் இரும்புக் கேட்டைப் பற்றவைத்துவிட்டு வந்தான். சாயங்காலம் இரண்டு கண்ணும் வீங்கி நீராகக் கொட்டியது. வெளிச்சம் பட்டாலே துடித்தான். தைக்க வைத்திருந்த கருப்புத் துணியை அண்ணி ஜன்னல்களில் கட்டினாள், விளக்கை அணைத்தாள். பழக்கம் விடுமா? தன் முதுகுக்குப் பின்னால் கதவிடுக்கில் கசிந்த வெளிச்சத்தில் அவன் இமையை விரித்துப் பார்த்தாள். பொம்மை இல்லை. மறு கண்ணிலும் இல்லை.

அவள் என்னை இழுத்து வந்து, "நீ பாரு, நான் இருக்கேனா?" என்று குசுகுசுத்தாள். நான் படித்தவள்தான், பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஆட்டோ பிடித்துக் கண் டாக்டரிடம் ஓடினோம். டாக்டரம்மா சொட்டுமருந்து விட்டு, வெல்டிங் வெளிச்சம் கண்ணை மேலோட்டமாகச் சுட்டிருக்கிறது, ஆறிவிடும் என்றார். அண்ணி காதில் அது ஏறவே இல்லை. பாவை எங்கே என்றுதான் கேட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இருட்டுல எப்படிம்மா தெரியும்? உங்க முகத்துல வெளிச்சம் பட்டாத்தானே அவர் கண்ணுல விழும்?"

மேசை விளக்கை அண்ணியின் முகத்துக்குத் திருப்பினார். அண்ணி குனிந்தாள். சிவந்த கண்ணுக்குள், கலைந்த தலையோடு ஒரு குட்டி அண்ணி. அவ்வளவுதான், ஓவென்று அழுது டாக்டரம்மாவின் மேசையையே நனைத்துவிட்டாள்.

இதுவரை எழுதியதை இருவருக்கும் படித்துக்காட்டினேன். அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"திருத்தி எழுது. அழுதது அவ இல்ல, நான். அந்த இருட்டுல நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினது எல்லாம் என் காதுல விழுந்துச்சு."