ஆட்டுக்கு முதல் தையல், எனக்கு அடுத்தது

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். வேறொன்றுமில்லை. பனகல் பார்க் ஸ்டாப்பில் பஸ் நிற்பதற்குள் இறங்கினேன். பஸ் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

எலும்பு முறியவில்லை. இடுப்புத் தசையைத் தொடை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார் பிய்ந்துவிட்டதாம். நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன்.

"தைக்கலேன்னா ஆயுசுக்கும் இப்படித்தான்" என்றார் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்.

சரி, எப்படித் தைப்பது? அங்கேதான் வந்தது வினை!

எலும்பின் மேலுள்ள சவ்வோடு நாரைச் சேர்த்துத் தைத்தால் போதும் என்றார் பெரிய டாக்டர். லண்டனில் படித்துவிட்டு வந்த சின்ன டாக்டரோ, எலும்பிலேயே துளை போட்டு, அதற்குள் நூலை விட்டு முடிச்சுப் போட வேண்டும் என்றார். என் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று இங்கிலீஷில் சண்டை. இடுப்பு என்னுடையது என்பது இருவருக்குமே ஞாபகமில்லை.

"எது சார் ஸ்ட்ராங்?" என்று கேட்டேன்.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்" என்றார் சின்னவர். என் இடுப்பிலா? நல்லவேளை... ஆட்டில்!

கறிக்கடை காசிம் பாய், இடுப்போடு சேர்ந்த ஆட்டுத் தொடைகளைக் கொண்டுவந்தார். எடைக்கற்களும் அவருடையவைதான். டாக்டர்கள் நாரை வெட்டி, அவரவர் முறையில் தைத்தார்கள். எலும்பை மேஜையில் இறுக்கிவிட்டு, தசையில் கற்களைத் தொங்கவிட்டார்கள். நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஆடாக இருந்தாலும், எனக்கென்னவோ என் இடுப்பே தொங்குவது போலிருந்தது.

பெரியவரின் தையல் மூன்றாவது கல்லில் பொத்தென்று விழுந்தது.

"ஆடு கிழம்" என்றார்.

"இன்னா சார் இப்டி சொல்ட்டீங்கோ? எளங்கெடா சார், காலைல அறுத்தது!" காசிம் பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது.

சின்னவரின் தையல் ஆறு கல் தாங்கியது. ஏழாவதில் அதுவும் போயிற்று. எலும்பில் போட்ட துளை அப்படியே இருந்தது. நூலும் அறவில்லை. நாரைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது.

காசிம் பாய் குனிந்து பார்த்தார்.

"நூலு நல்லாத்தான் கீது சார். ஓரமா குத்திகினீங்கோ. நாருல நல்லா உள்ள தள்ளி மாட்னாத்தான் நிக்கும். நாங்கோ கறிய கொக்கியில அப்டித்தான் மாட்டுவோம்."

சின்னவர் மூன்றாவது தொடையை எடுத்தார். எலும்பில் துளை, நாரில் ஆழமாகக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். இருந்த கற்கள் அத்தனையும் தொங்கின. காசிம் பாய் தானும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை!

ஆபரேஷன் செய்தது யார்? பெரியவர்தான். சீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறதே!

மயக்க மருந்து கொடுக்குமுன், "எந்தத் தையல் சார்?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். அதற்குமேல் கேட்பதற்குள் எனக்கு நினைவு தப்பிவிட்டது.

கண் விழித்ததும் சின்னவர் காதோடு சொன்னார்: "துளைதான் சார். ஆழமாத்தான் தைச்சோம்." அழுதுவிட்டேன்.

போன வாரம் ஊன்றுகோலை வைத்துவிட்டு, லஸ் வரை சாயாமல் நடந்தேன். இதற்கிடையே டாக்டர்கள் கூட்டத்தில் பெரியவர் 'என் முறை' என்று பிரசங்கம் செய்திருக்கிறார். ஸ்லைடு மாற்றியது சின்னவர். தோற்ற தையலுக்குத்தான் ஓய்வு. தோற்ற டாக்டருக்குக் கைதட்டல்!

காசிம் பாயை யார் அழைத்தார்கள்? நானே கடைக்குப் போய் நன்றி சொன்னேன். "நல்லா நடக்கறீங்கோ சார்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அதைப் பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டாள்.

"கறிக்கடையில உங்களுக்கென்ன வேலை? தெருவே பேசிண்டிருக்கு!" என்கிறாள் என் மனைவி.

மூன்று நாளாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்... ஆபரேஷனே தேவலை!