பெருந்துறையிலிருந்து ஒரு சேவல்

காலை ஏழு மணிக்குக் காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினேன். பெருந்துறைக்கு டிக்கெட் எடுத்தேன். தூரம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இன்னும் நான்கு கிலோமீட்டர் போனால் சரஸ்வதியின் புகுந்த ஊர். அவள் மில்லில் என்னோடு நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்கிறவள். ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, அங்கே போயிருந்தாள். கோயிலில் பொங்கல் வைத்த மறுநாள் கிடா வெட்டு. விருந்துக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. அது லெந்து என்னும் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும் கறி தொடுவதில்லை என்று ஜெபத்தில் தீர்மானம் செய்திருந்தேன். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறிக்குழம்புதான். அதனால் இதுவே எனக்குப் பெரிய காரியம். அதைவிடப் பெரிய காரியம், வேண்டாம் என்று வாய் திறந்து சொல்வது. வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

எட்டே காலுக்கு அவிநாசி. கோபுரம் தெரியும் ஜன்னல் பக்கம் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார்.

"எங்கீங்க போறீங்க?"

"பெருந்துறைப் பக்கமுங்க. நோம்பிக்கு."

"கறி விருந்தா? நல்லா உக்காந்து சாப்புட்டுப்போட்டு வாங்க அம்மணி!"

சரிங்க என்று தலையாட்டினேன். அவரிடம்கூட என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. மீதி வழியெல்லாம் ஒரு சாக்கை மனதுக்குள் தயார் செய்துகொண்டே போனேன்.

பத்தரை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். வாசலில் பந்தல், பெரிய அண்டாக்கள், காற்று முழுக்கக் கறி மசாலா வாசனை. வயிறு என் தீர்மானத்தை மறந்து சத்தம் போட்டது. பந்தல் காலில் ஒரு சிவப்புச் சேவலைக் கட்டி வைத்திருந்தார்கள். சரஸ்வதியின் கணவர் பழனிச்சாமி கத்தியோடு நின்றிருந்தார்.

"வாங்கக்கா! சாமிக்கு வெட்டுன கறிய நீங்க தொடமாட்டீங்கன்னு சரசு சொன்னா. அதுதான் உங்களுக்குன்னு தனியா ஒண்ணு. வந்ததுக்கு அப்புறம் அறுக்கலாம்னு வெச்சிருக்கறனுங்க."

அந்த அன்புக்கு முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தயார் செய்த சாக்கை எடுத்து நீட்டினேன்.

"அது வந்துங்க... வயிறு கொஞ்சம் சரியில்லீங்க."

"அப்படியாக்கா!" என்று சரஸ்வதி பதறினாள். "ஏனுங்க, சீக்கிரம் அறுங்க. வயித்துக்கு நாட்டுக்கோழி ரசத்தை விட்டா வேற மருந்து ஏது?"

அந்த நேரம் பார்த்துச் சேவல் கழுத்தை நீட்டிக் கூவியது. பைபிளில், சேவல் கூவுவதற்குள் ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று சொன்ன சீடர்தான் என் நினைவுக்கு வந்தார். 

"வயிறு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன். "நாங்க லெந்து நோன்புங்க. ஈஸ்டர் வரைக்கும் கறி வேண்டாம்னு ஆண்டவர்கிட்டச் சொல்லியிருக்கறேன்."

பந்தலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பழனிச்சாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"மலைக்கு மாலை போட்டுட்டு விரதம் இருக்கற மாதிரிங்களா?"

"அந்த மாதிரிதானுங்க. மாலை மட்டும் இல்ல."

"அட, இதை நேத்தே சொல்லியனுப்பக் கூடாதுங்களா? இதைப் புடிக்கறதுக்கு வெடியால இருட்டோட நாலு தோட்டம் ஓடுனனுங்க!"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

சரஸ்வதி அரை மணி நேரத்தில் அரிசிம்பருப்பு சாதம் செய்து, நெய் ஊற்றி, வாழை இலையில் போட்டாள். பக்கத்து இலையில் கறி; என் இலையில் அப்பளமும் தயிரும். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "அக்காவோட விரதம் ரொம்பக் கடுமைதான்" என்றாள் சரஸ்வதி. உண்மைதான். கறியிடம் தப்பித்தவள் நெய்யிடம் மாட்டிக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் புறப்பட்டபோது பழனிச்சாமி சேவலை ஒரு கட்டைப் பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி என் கையில் கொடுத்தார். "உங்களுக்குன்னு வெச்சதுங்க. ஈஸ்டருக்கு அறுத்துக்கங்க."

பெருந்துறையில் பஸ் ஏறியதும் கண்டக்டர் பையைப் பார்த்தார். "நோம்பி ஊர்ல இருந்து உசுரோட தப்பிச்ச ஒரே ஆளு இவருதானுங்களா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. காரணத்தைச் சொன்னேன். பின் சீட்டில் கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவை சொன்னேன். அவிநாசியில் ஏறியவர்களும் கேட்டார்கள்; அவர்களுக்கும் சொன்னேன். காந்திபுரம் வருவதற்குள் என் குரலில் நடுக்கம் போயிருந்தது.

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இப்போதே மிளகு வாங்கி வைத்துவிட்டார். அதில் பாதியை நான் பருப்பு ரசத்துக்குப் போட்டுவிட்டேன். அங்கே பந்தல் காலில் கட்டுண்டு கூவிய சேவல், இங்கே மில் சங்கு ஊதுவதற்கு முன்பே கூவிவிடுகிறது. அதைக் கேட்டதும், இன்றைக்கு யாரிடமாவது வயிறு சரியில்லை என்று சொல்லப் போகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டு, சிரித்தபடி எழுந்திருக்கிறேன்.